உடையவர் உள்ள காட்டுக்குதிரைகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரம் குறைவு. கருங்கல் பாறைக் குன்றுகள், சதுப்பு, முரட்டுப் புல், பெரணி, ஓயாத காற்று, மழை. 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தேசியப் பூங்காவின் சின்னமே ஒரு மட்டக்குதிரைதான். சாலையோரம் மேயும் அந்தக் குதிரைகளைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகள் அவற்றைக் காட்டுக்குதிரை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை. அவை லாயத்தில் கட்டப்பட்டதில்லை, லாடம் அடிக்கப்பட்டதில்லை. வெட்டவெளியில் குட்டி போட்டு, வெட்டவெளியிலேயே பனிக்காலத்தைக் கழிப்பவை. ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட உடையவர் இல்லாதது இல்லை. ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருக்கும் ஏதோ ஒரு குடும்பம் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும், எல்லோரும் பார்க்க நிறைவேற்றப்படுகிறது. மேட்டில் சிதறிக் கிடக்கும் குதிரைகளையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கீழே ஓட்டிவருகிறார்கள். டார்ட்மூரிலும் நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டிலும் இதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். எக்ஸ்மூர் என்ற இன்னொரு மேட்டுநிலத்தில் ‘கேதரிங்’ என்பார்கள். நாம் திரட்டல் என்றே சொல்லிக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு திருவிழாக் காட்சி. விலங்குரிமைக்காரர்கள் சிலருக்கு அது கொடுமை. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தாள்களில் அது எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கை. மூன்று பார்வையிலும் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு: இந்தத் திரட்டல் நடக்கும்வரைதான் அந்தக் குதிரைகளுக்கு அந்த மேட்டில் இடம். அது நின்றுபோனால் குதிரைகளும் மேட்டில் மிஞ்சாது. அந்த ஒரு நாளுக்கான செலவை யார் ஏற்பது என்பதே இன்றைக்கு இந்த விஷயத்தில் எஞ்சியிருக்கும் உண்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

முதலில் அந்த நாளைப் பார்த்துவிடலாம். டார்ட்மூரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொது மேய்ச்சல் நிலம். நிலத்துக்கு உரிமையாளர் தனி. நடுப்பகுதியின் பெரும்பகுதி கார்ன்வால் டச்சிக்கு, அதாவது வேல்ஸ் இளவரசரின் பண்ணைச் சொத்துக்குச் சேர்ந்தது. ஆனால் அதில் மாடும் ஆடும் குதிரையும் மேய்க்கும் உரிமை சுற்றுவட்டப் பண்ணைகளோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டிவருவது. இவர்களைக் காமனர்கள் என்கிறார்கள். 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய டார்ட்மூர் காமன்ஸ் சட்டத்தின்படி அவர்களுக்கென்று ஒரு மன்றம் உண்டு. எத்தனை உருப்படி மேயலாம், எப்படிக் குறியிட வேண்டும் என்பதெல்லாம் அந்த மன்றத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது.

திரட்டல் நாளில் ஒரு பொது நிலத்தைச் சேர்ந்த காமனர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். சிலர் குதிரை மீது, சிலர் நான்கு சக்கர மோட்டார் வண்டியில், சிலர் நாயோடு கால்நடையாக. மேட்டின் மறுகோடியில் வரிசையாகப் பரவி நின்று மெல்ல மெல்ல வளையத்தைச் சுருக்குகிறார்கள். விரட்டினால் காரியம் கெட்டுவிடும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னே போகிற மூத்த பெட்டைக்குதிரை ஒன்று இருக்கும். சதுப்பு எங்கே, கல்சுவரில் வழி எங்கே என்பது அதற்குத்தான் மனப்பாடம். அது சரியான பாதையில் கால் வைத்துவிட்டால் மற்றவை பின்னே வந்துவிடும். மூடுபனி இறங்கினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. எதிரே நிற்பது பாறையா குதிரையா என்றுகூடத் தெரியாது. எல்லாம் கூடிவந்தால், இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பிய குறுகிய சந்தில் குளம்பொலி எழ, முதுகில் ஆவி பறக்க, கூட்டம் மொத்தமும் பண்ணைப் பட்டிக்குள் வந்து சேர்கிறது.

உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் குறி பார்த்துப் பிரிக்கிறார்கள். காதில் வெட்டு, பட்டை, தோலில் சூட்டுக்குறி என்று ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அடையாளம். குட்டிக்கு இன்னும் குறி கிடையாது. எந்தத் தாயின் பின்னே நிற்கிறதோ அந்தத் தாயின் உடையவருக்கே குட்டி. பிறகு தாய்க்குதிரையின் உடம்பைச் சோதிக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. அக்டோபரில் அவற்றுக்குக் குளிர்காலச் சடை வளரத் தொடங்கியிருக்கும்; மேலே முரட்டு மயிர், அடியில் மெத்தென்ற இன்னொரு அடுக்கு. மழைநீர் தோலைத் தொடாமல் வழிந்தோட அந்த இரட்டை அடுக்கு உதவுகிறது. அதே சடை எலும்பும் தோலுமான குதிரையைக்கூடக் கொழுத்ததாகக் காட்டிவிடும். அதனால் விரல்களை மயிருக்குள் நுழைத்து விலா எலும்பைத் தடவிப் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டின் இருபுறமும் சதை இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார்கள். முரட்டுப் புல்லை ஆண்டுக்கணக்கில் அரைத்துத் தேய்ந்த பல்லுக்காரி இன்னொரு ஜனவரியைத் தாங்கமாட்டாள். அவளை மறுபடி மேட்டில் விடுவது பட்டினிக்கு அனுப்புவதுதான். குடற்புழு மருந்து, நொண்டலுக்குச் சிகிச்சை, குளம்பு பார்த்தல் எல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் முடிய வேண்டும். அடுத்து அவை கைக்கு அகப்பட ஓராண்டு ஆகும்.

கடைசியாகக் குட்டிகளைப் பிரிக்கிறார்கள். பார்க்கக் கடினமான கட்டம் இது. பட்டியின் இரண்டு பக்கமிருந்தும் தாயும் குட்டியும் கனைத்துக்கொண்டே இருக்கும்; இரவெல்லாம் கேட்கும். திரட்டலை எதிர்ப்பவர்கள் இதையே சுட்டிக்காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அந்த விலங்குகளுக்கு அது துயரம்தான். ஆனால் தாயின் உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்டைக்குதிரையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ பதினொரு மாதம். வசந்தத்தில் குட்டி ஈன்ற சில வாரங்களிலேயே அது மறுபடி சினையாகிவிடும். அக்டோபரில் அது வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு மடியில் இன்னொன்றுக்குப் பால் தருகிறது. மேட்டில் புல்லின் சத்து அற்றுப்போகும் மாதங்களில் இந்த இரட்டைச் சுமையோடு அதை விட்டால் பிப்ரவரியில் முதலில் விழுவது அதுவாகத்தான் இருக்கும். பால் மறக்கடிப்பது தாயின் உயிரைக் காக்க. ஆண் குட்டிகளை எடுத்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்படியே விட்டால் வளர்ந்தபின் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் சேரும், இனம் கெடும். நல்ல பெட்டைக் குட்டிகளில் சில மந்தைக்கு வாரிசாக நிறுத்தப்படும். மீதிக் குட்டிகள் விற்பனைக்கு. தாய்கள் மறுபடி மேட்டுக்கு.

மேட்டில் விட்டதும் அவை கண்ட இடத்துக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென்று ஒரு மேய்ச்சல் வட்டம் இருக்கிறது. டார்ட்மூர்க்காரர்கள் அதை ‘லியர்’ என்பார்கள். எந்தச் சரிவில் வடகாற்று படாது, எந்த ஓடை உறையாது, பனி மூடிய நாளில் எங்கே முட்புதர் தின்னக் கிடைக்கும் என்பதைக் குட்டி தாயின் பின்னே நடந்து கற்றுக்கொள்கிறது. வேலி இல்லாத நிலத்தில் வேலியாக இருப்பது இந்த அறிவுதான். 2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி, அதைத் தடுக்க ஆடுமாடுகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டபோது இப்படி நிலம் அறிந்த மந்தைகளை இழந்த மலைப்பகுதி விவசாயிகள் பட்ட பாடு பெரிது. சந்தையில் ஆடு வாங்கிவிடலாம். இந்த மலையைத் தெரிந்த ஆடு எங்கே கிடைக்கும்? குதிரைக்கு அந்த நோய் வராது. ஆனால் மந்தை ஒரு தலைமுறை அறுந்துபோனால் அதன் கதையும் அதேதான்.

குதிரைகள் இங்கே எவ்வளவு காலமாக இருக்கின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. ஷா மூர் பகுதியில் 1970-களில் நடந்த அகழாய்வில் சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய குளம்புத் தடங்கள் கிடைத்தன. எழுத்துச் சான்றாக, 1012-ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட கிரெடிட்டன் பிஷப் ஏல்ஃப்வோல்டின் உயிலில் ஆஷ்பர்ட்டன் நிலத்துக் காட்டுக்குதிரைகள் குறிப்பிடப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவை காட்டில் திரிந்தபடியே ஒருவரின் சொத்தாகவும் இருந்திருக்கின்றன. அந்த இரட்டை நிலை இன்றுவரை மாறவில்லை.

திரட்டலின் நோக்கம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய நாளில் அது வரி வசூல். மேய்ச்சல் உரிமை இல்லாதவர்களின் கால்நடையைப் பிடிக்க, நிலச் சொந்தக்காரரின் ஆட்கள் தேதியை யாருக்கும் சொல்லாமல் ஒரு விடியற்காலையில் குன்றின் மேல் கொம்பு ஊதித் திரட்டலை அறிவிப்பார்கள். அகப்பட்டவை டூ பிரிட்ஜஸ் அருகே உள்ள டன்னாபிரிட்ஜ் பட்டியில் அடைக்கப்படும். உடையவர் வந்து அபராதம் கட்டி மீட்க வேண்டும். வட்டமான கல்சுவரோடு அந்தப் பட்டி இன்றும் நிற்கிறது.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் அது மரண தண்டனையாகவும் இருந்தது. போர்க்குதிரைகள் உயரமாக வேண்டும் என்பது அரசரின் கவலை. 1540-ஆம் ஆண்டுச் சட்டம், உயரம் குறைந்த ஆண் குதிரைகளைப் பொது நிலங்களில் மேயவிடுவதைத் தடைசெய்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளை அடுத்துப் பொது நிலங்களை ஓட்டிப் பார்த்து, நல்ல குட்டி ஈனாது என்று தோன்றுகிற சிறிய குதிரைகளைக் கொன்றுவிட வேண்டும் என்றும் சொன்னது. நாட்டின் ஓரங்களில் இருந்த மேடுகளில் அந்தச் சட்டம் முழுதாகச் செல்லுபடியாகவில்லை என்பதற்கு அத்தாட்சி, இன்று அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் மட்டக்குதிரைகளே. சேறும் பாறையுமான நிலத்தில் கம்பளியும் மீனும் தகரமும் சுமக்க உயரமான குதிரை உதவாது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு உயரக் குறைவே விலையாக மாறிய காலம் வந்தது. 1842-ல் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், நிலக்கரி வண்டிகளை இழுக்கச் சிறிய குதிரைகளுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் வேலை செய்தன. தாழ்ந்த சுரங்கப் பாதைகளுக்கு ஏற்ற குட்டிகளுக்காக டார்ட்மூரில் ஷெட்லாண்ட் இன ஆண் குதிரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குழந்தைகளை வெளியே எடுத்த சட்டம் குதிரைகளை உள்ளே அனுப்பியது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது. அந்த வேலைக்கும் முடிவு வந்தது. இயந்திரம் வந்தபின் சுரங்கத்துக்குக் குதிரை தேவைப்படவில்லை. 1950 வாக்கில் டார்ட்மூரில் சுமார் 30,000 குதிரைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று அங்கே மேய்பவை 1500 அளவில்தான்.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் நோயோ வேட்டையோ கிடையாது. குட்டியை வாங்க ஆள் இல்லாமல் போனதுதான். இதை விளங்கிக்கொள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வம்சாவளிப் பதிவேட்டில் ஏறிய, குதிரையின் உயரத்தை அளக்கும் கணக்கில் பன்னிரண்டரைக் கைக்கு மேல் உயராத, கண்காட்சிகளில் பரிசு வாங்கும் ‘டார்ட்மூர் போனி’ வேறு. மேட்டில் பிறந்து, பதிவேடு இல்லாமல், எல்லா நிறத்திலும் திரியும் ‘டார்ட்மூர் ஹில் போனி’ வேறு. முதலாவதற்கு விலை உண்டு. இரண்டாவதே மேட்டை நிறைத்திருப்பது. அதன் குட்டி அக்டோபர் ஏலங்களில் பத்துப் பவுண்டுக்குக்கூடப் போகாத ஆண்டுகள் இருந்திருக்கின்றன. அதே குட்டியை மேட்டைவிட்டு வெளியே விற்க வேண்டுமானால் கடவுச்சீட்டும் தோலடி மைக்ரோசிப்பும் கட்டாயம். அந்தச் செலவு குட்டியின் விலையைவிட அதிகம். மேட்டிலேயே இருக்கும்வரை இவற்றுக்கு விலக்கு உண்டு என்பது ஓர் ஆறுதல். ஆனால் பண்ணைக்காரர் ஒரு நாள் வேலையைவிட்டு, ஆள் சேர்த்து, மருத்துவருக்குக் கொடுத்து, குட்டியை இறக்கி, சந்தைக்கு ஏற்றிக்கொண்டுபோய் நஷ்டத்தோடு திரும்ப வேண்டும். விற்காத குட்டிகள் சுடப்பட்டன. உயிர்க்காட்சி சாலைகளுக்கு இறைச்சியாகப் போனதாகவும் செய்திகள் வந்தன.

2014-ல் டார்ட்மூர் ஹில் போனியின் நலனுக்காகவே இயங்கும் ஒரு தொண்டு அமைப்பு, இந்தக் குதிரைகளின் இறைச்சியைச் சாப்பிடப் பழகினால்தான் இவை பிழைக்கும் என்று சொன்னபோது பெரிய கூச்சல் எழுந்தது. குதிரையைச் செல்லப்பிராணியாகப் பார்க்கும் நாடு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாட்டிறைச்சி என்று விற்ற பொருளில் குதிரை இறைச்சி கலந்திருந்தது வெளியாகி ஐரோப்பாவே கொந்தளித்திருந்தது. ஆனால் அந்த அமைப்பின் வாதத்தை ஆத்திரமில்லாமல் படித்தால் அதில் நேர்மை தெரியும். இறைச்சிக்கென்று ஓர் அடிவிலை இருந்தால் உடையவர் திரட்டுவார், பராமரிப்பார். அடிவிலை பூஜ்யமானால் மந்தையையே கைவிடுவார் என்றார்கள். எனக்கு அந்தத் தீர்வில் உடன்பாடில்லை. விலையை மீட்கும் வழி அதுதானா என்பதில்தான் என் தயக்கம். ஏனென்றால் வேறு வழி ஒன்று டார்ட்மூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

ஹாம்ப்ஷயரிலுள்ள நியூ ஃபாரஸ்ட், 1079-ல் வெற்றிவீரன் வில்லியம் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு. அங்கே மேய்ச்சலை மேற்பார்க்க வெர்டரர்கள் என்ற பழைமையான மன்றம் இருக்கிறது. அதன்கீழ் ஐந்து அஜிஸ்டர்கள் ஆண்டு முழுவதும் காட்டில் சுற்றிவருகிறார்கள். இவர்கள் சம்பளம் பெறும் முழுநேர ஊழியர்கள் என்பது முக்கியம். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சுமார் நாற்பது திரட்டல்களை அவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். மேய்ச்சல் கட்டணம் செலுத்தப்பட்ட குதிரையின் வால்மயிரை அஜிஸ்டர் கத்தரிப்பார். ஒவ்வோர் அஜிஸ்டருக்கும் ஒரு வெட்டு வடிவம் உண்டு. படிபோல ஒருவர் வெட்டினால் இன்னொருவர் வேறுவிதம். அதனால் சாலையில் ஒரு குதிரை அடிபட்டுக் கிடந்தால் அது யார் பகுதியைச் சேர்ந்தது என்பதை வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரவில் வண்டிகளின் விளக்கில் மின்னும் கழுத்துப்பட்டையைப் பூட்டுவதும் திரட்டல் நாளில்தான்.

ஆனால் நியூ ஃபாரஸ்ட் கற்றுத்தருவது வாலில் இல்லை, ஆண் குதிரையில் இருக்கிறது. அங்கே பொலிக்குதிரைகளை ஆண்டு முழுவதும் திரியவிடுவதில்லை. தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும், வசந்தத்தின் இறுதியில் சில வாரங்களுக்குக் காட்டில் விட்டுத் திரும்பப் பிடித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான குதிரைகள் மேயும் காட்டுக்குப் பத்துப் பதினைந்து பொலிகள். பிறக்கும் குட்டிகள் குறைந்தன. வாங்குபவர்களுக்குக் குட்டி அருமையானது. பியூலி ரோடு ஏலத்தில் விலை நிமிர்ந்தது. டார்ட்மூரில் பல மந்தைகளோடு பொலிக்குதிரை நிரந்தரமாக ஓடுவது வழக்கம். பொது நிலங்கள் பலவாகவும் திறந்தும் கிடப்பதால் ஒருவர் தன் பொலியைப் பிடித்து வைத்தாலும் அடுத்தவருடையது வந்து சேரும். அதனால் அங்கே பெட்டைக்குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி போடும் முயற்சி தொடங்கியது. அதைப் போடுவதற்கும் குதிரை கைக்கு வர வேண்டும். அதற்குத் திரட்டலைவிட்டால் வேறு நாள் இல்லை. தேவையற்ற குட்டி பிறக்காமலே பார்த்துக்கொள்வதுதான் சுடுவதையும் சமைப்பதையும்விட மேலான வழி என்று அழுத்தமாகவே சொல்வேன்.

எக்ஸ்மூரின் கதை இன்னொரு விதம். 1818-ல் அரசு அங்கிருந்த தன் வேட்டைக்காட்டை ஜான் நைட் என்ற தொழிலதிபருக்கு விற்றது. அதுவரை காட்டின் காப்பாளராக இருந்த சர் தாமஸ் ஆக்லண்ட், பழைய மந்தையிலிருந்து தேர்ந்த சிலவற்றை வின்ஸ்ஃபர்ட் மலைக்கு ஓட்டிச் சென்று நங்கூரச் சூட்டுக்குறியோடு வளர்த்தார். அந்த நங்கூர மந்தை இன்றும் இருக்கிறது. 1921-ல் எக்ஸ்மூர் போனி சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது மேட்டில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் குதிரைகளைக் குறிபார்த்துச் சுட்டார்கள். உணவுப் பங்கீட்டுக் காலத்தில் வேறு சிலர் இறைச்சிக்காகத் திருடியும் போனார்கள். போர் முடிந்தபோது ஐம்பதுக்கு மேல் மிஞ்சவில்லை. மேரி எதரிங்டன் என்ற பெண்மணி முன்னின்று, மேட்டின் வாயில்களை மீண்டும் அமைக்கவைத்து, மந்தைகளைத் திரும்பக் கட்டியெழுப்பத் தூண்டினார். மாவு தோய்த்தது போன்ற வெளிர்மூக்கும், மழைநீர் வழிந்தோடத் தடித்த இமையும் கொண்ட அந்த இனத்தில் கலப்புக்கு இடம் தரவில்லை. எக்ஸ்மூர்த் திரட்டலில் குட்டிகளைச் சங்கத்தின் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்வையிடுகிறார்கள். அங்கே அந்த நாள் சந்தையைவிடப் பதிவேட்டுக்கே நெருக்கமானது.

வடக்கு வேல்ஸின் கார்னெத்தாய் மலைகளிலும் நவம்பரில் இப்படித் திரட்டுகிறார்கள். 2013 மார்ச்சில் திடீரென்று கொட்டிய பனியில் அங்கே ஏராளமான குதிரைகள் புதைந்து இறந்தன. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் மேடு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிரிட்டனுக்கு வெளியே, ஜெர்மனியின் டூல்மன் அருகே மே மாதக் கடைசிச் சனியன்று ஒரு வயது ஆண் குதிரைகளைக் கையால் பிடித்து ஏலம் விடுகிறார்கள். அமெரிக்காவின் சின்கோட்டீக்கில் ஜூலையில் குதிரைகளை நீந்தவைத்துக் கரைசேர்த்து, குட்டிகளை விற்ற பணத்தில் தீயணைப்புப் படை நடக்கிறது. ஸ்பெயினின் கலீசியாவில் சபுசேதோ ஊர்க்காரர்கள் கயிறில்லாமல் குதிரையோடு மல்லுக்கட்டிப் பிடரி நறுக்குகிறார்கள். கூட்டம் சேரும் இந்த விழாக்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் மந்தையைப் பராமரிக்கும் கணக்கு ஒன்று ஓடுகிறது. மைக்ரோசிப் கட்டாயமானபின் கலீசியாவிலும் பலர் மந்தையைக் கைவிட்டார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வது டார்ட்மூரின் கதையேதான்.

திரட்ட யாருமில்லாத குதிரைகள் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்கள் வெகுதூரம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை இன்றும் திரிகின்றன. அவற்றைக் காக்கச் சட்டம் உண்டு. ஆனால் தனித்தனி உடையவர் இல்லை. கோடை முற்றித் தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் அவை செத்து விழுகிற செய்தி வருகிறது. பல்லைப் பார்த்து, விலாவைத் தடவி, இது அடுத்த பருவத்தைத் தாங்குமா என்று கேட்க ஆண்டில் ஒரு நாளாவது ஒருவர் இல்லை.

மறுபடி டார்ட்மூர். இன்றைக்கு அங்கே பெரிய சச்சரவு குதிரையை விடப் புல்லைப் பற்றியது. மோலினியா என்ற ஊதாப் புல் மேட்டை மூடிவருகிறது. வசந்தத்தில் பச்சையாக எழும்பி, இலையுதிர் காலத்தில் வெளுத்து வைக்கோலாகச் சாய்ந்து, மெத்தைமேல் மெத்தையாகக் குவிகிறது. ஹெதர் செடி, பாசி, சிறுபூக்கள் எல்லாம் அதன் அடியில் மூச்சுமுட்டிப் போகின்றன. காற்றில் படியும் நைட்ரஜன், பழைய எரிப்பு முறைகள், மாறிப்போன மேய்ச்சல் எனப் பல காரணங்கள். ஆடு அதைப் பெரும்பாலும் தொடாது. மெல்லிய புல்லையும் ஹெதரையுமே பொறுக்கித் தின்னும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. அசைபோடாத விலங்கு என்பதால் சத்துக் குறைந்த முரட்டுத் தீனியையும் நிறையத் தின்று ஒப்பேற்றிவிடும். பனிக்காலத்தில் கார்ஸ் என்ற முட்புதரையும் கொறிக்கும்; முள்ளைத் தாங்க மேலுதட்டில் மீசைகூட வளர்த்துக்கொள்ளும். அது நடந்து உழக்கும் பெரணியும் மிதித்துத் திறக்கும் ஈரமண்ணும் பட்டாம்பூச்சிகளுக்கும் தும்பிகளுக்கும் இடம் தருகின்றன. இந்தக் குணத்தை நம்பியே செக் நாட்டின் மிலோவிட்சேயில், பழைய ராணுவப் பயிற்சி நிலத்தை மீட்க 2015-ல் எக்ஸ்மூர்க் குதிரைகளைக் கொண்டுபோய் விட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் பண்ணைகளோடு அரசு செய்யும் சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் குதிரை, பெரும்பாலும் ஆட்டோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணப்படும் ஓர் உருப்படிதான். மேய்ச்சல் அதிகம், எண்ணிக்கையைக் குறை என்று அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து வற்புறுத்தும்போது பண்ணைக்காரர் எதைக் குறைப்பார்? மாடு விலைபோகும், ஆடு விலைபோகும். குதிரைதான் முதலில் போகும். 2023-ல் இந்தச் சச்சரவு முற்றி, டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் அரசு ஒரு சுயேச்சையான ஆய்வை நடத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த அறிக்கை மோலினியாவின் ஆக்கிரமிப்பைப் பெரிய சிக்கலாக எடுத்துக்கொண்டது. அதைக் கட்டுப்படுத்த மாடும் குதிரையும் மேய வேண்டியதன் தேவையையும் பேசியது. சூழலியலாளர்களின் கவலையையும் மதிக்க வேண்டும். டார்ட்மூரின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இல்லை. ஆடுகள் குளிர்காலம் முழுக்கக் கடித்த ஹெதர் மீளவில்லை. ஆனால் ஆட்டின் குற்றத்துக்குக் குதிரையைத் தண்டிக்கும் கணக்குமுறை அறிவியலுக்கே பொருந்தாது.

அதனால் எனக்குத் தோன்றுவது இது. குதிரையை அந்த மொத்த எண்ணிக்கையிலிருந்து தனியே பிரித்துவைக்க வேண்டும். மேட்டைப் பராமரிக்கும் வேலைக்குக் கூலி கொடுப்பது போல, மந்தை வைத்திருப்பவருக்கு அதற்கென்றே பணம் தர வேண்டும். அந்தப் பணம் தலைக்கு இவ்வளவு என்று இருந்தால் எண்ணிக்கை பெருகி, பழையபடி வேண்டாத குட்டிகள் பிறக்கும். அதைத் திரட்டலோடு கட்டிவிடுவதுதான் சரி. ஆண்டுக்கு ஒருமுறை மந்தையை முழுதாக இறக்கினாரா, தாய்களைச் சோதித்தாரா, தேய்ந்த பல்லுக்காரியைக் கீழே நிறுத்திக்கொண்டாரா, கருத்தடைக்கு ஒத்துழைத்தாரா என்பதைப் பார்த்துக் கொடுக்கலாம். நியூ ஃபாரஸ்டின் அஜிஸ்டர்களைப் போல டார்ட்மூரின் ஒவ்வொரு பகுதிக்கும் சம்பளம் பெறும் ஒருவர் இருந்தால் இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. இப்போது அந்த வேலை அறுபதைத் தாண்டிய பண்ணைக்காரர்களின் ஓய்வு நேரத்திலும் அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணத்திலும் நடக்கிறது. பண்ணையில் தங்கும் இளையவர்கள் குறைந்துவருகிறார்கள். மேட்டின் சதுப்புகளை அறிந்து குதிரை ஓட்டத் தெரிந்தவர்களைச் சம்பளம் கொடுத்தும் உடனே உருவாக்கிவிட முடியாது. மூத்தவர்களோடு பல அக்டோபர்கள் கூடவே சவாரி செய்துதான் அது வரும். பணம் ஒதுக்குவதென்றால் அவர்கள் இன்னும் சேணத்தில் ஏறக்கூடிய இந்த ஆண்டுகளிலேயே ஒதுக்க வேண்டும்.